நடு ரூமில் மாட்டிய மச்சான் வீடு

உ

அருப்புக்கோட்டை
12-7-77, செவ்வாய்

அன்பு மருமகன் சிரஞ்சீவி இன்பராஜுக்குத் தாய்மாமன் அருஞ்சுனை ஆசி கூறி எழுதுவது. இங்கே நான், உன் அத்தை சுந்தராம்பாள், முத்துலட்சுமி, நூல் கடை, சாயத் தராசு எல்லாம் சௌக்கியம். குமாரலிங்கபுரத்தில் உன் அம்மா, அதாவது என் அக்கா, முழங்கால் வலி நீங்கலாகச் சௌக்கியம். அமெரிக்காவில் உன் சௌக்கியத்தையும், நீ நேரத்துக்குச் சோறு சாப்பிடுகிறாயா என்பதையும் நீ எழுதித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே மழை இல்லை. போன வருஷக் கடிதத்திலும் இதே வரியை எழுதினேன், அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. மரியாதை எல்லாம் முடிந்தது, இனிமேல் விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் என்னவென்றால், மருமகனே, உன் கடிதத்தால் என் குடும்பம் பதினாறு நாளாகப் படாத பாடு பட்டுவிட்டது.

வைகாசி மாதம் நான் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. கடைக்கு நூல் வாங்க வருகிற நெசவாளிகளும் பஞ்சு கமிஷன்காரர்களும், "உங்க மருமகன் அமெரிக்காவுல என்ன சோலி பாக்குறாரு?" என்று கேட்கிறார்கள், நான் "கம்ப்யூட்டரு" என்கிறேன், "அப்படின்னா?" என்கிறார்கள், உடனே நான் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறேன், எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனிதன் தராசைத் துடைப்பது, அதனால் உன் வேலை என்ன என்று நாலு வரி எழுது என்றேன். நீ எறும்பு ஊர்கிற எழுத்தில் ஒரு ஏரோகிராம் முழுக்க, ஒட்டுகிற மடிப்பில்கூட இடம் விடாமல் எழுதி அனுப்பினாய். அவசரத்தில் அதை நான் ஓரமாகக் கிழித்துத் திறந்ததில் மூன்று வரி அந்த ஓரத்தோடு போய்விட்டது. போனது மூன்று வரிதானே என்று விட்டுவிட்டேன். வந்த வினை அத்தனையும் அந்த மூன்று வரியில்தான் இருந்திருக்கிறது.

மிச்சமிருந்ததை மூன்று தடவை படித்தேன். உங்கள் மெஷினுக்குள் சங்கதிகளை வைக்க அறைக்குள் அறையாக ஓர் ஏற்பாடு, அறைக்கு டைரக்டரி என்று பெயர், எல்லா அறைக்கும் மேலே ஒரே ஒரு முதல் அறை. தோசைக்கல் அளவுத் தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி டிஸ்க்கு என்று ஒன்று. அதில் வேறு யாரோ வைத்த சங்கதிகள் அவர்கள் அடுக்கிய விதத்திலேயே இருக்கும். அந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து மெஷினில் வைத்தால் மட்டும் போதாது, இதை இன்ன டைரக்டரியில் மாட்டு என்று சொல்ல வேண்டும். மாட்டியாயிற்றென்றால் அந்த அறை வழியாக உள்ளே போகிறவனுக்கு டிஸ்க்கில் இருப்பது முழுக்கக் கிடைக்கும், சரக்கு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று அவன் கவலைப்பட வேண்டியதில்லை. மாட்டச் சொல்லுகிற அதிகாரம் எல்லோருக்கும் கிடையாது, அது உன்னிடம் இருக்கிறது. இவ்வளவும் படித்து எனக்குத் தலை சுற்றியது. முத்துலட்சுமியிடம் நீட்டினேன். அவள் வாங்கிப் படித்தாளோ இல்லையோ, மடித்துக்கொண்டே, "இது சுளுவுதானப்பா. நம்ம ரூம் கதவத் தொறந்தா உள்ள இன்னொருத்தர் வீடு இருக்கும். கதவு நம்ம கதவு, அடுக்கு அவுக அடுக்கு. எதையும் கலைக்க வேண்டியதில்ல" என்றாள். பி.யூ.சி. படித்த பிள்ளை என்றால் சும்மாவா என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை ஆறுவதற்குள் உன் அத்தையின் அண்ணன் சின்னத்துரை மச்சான் திருச்சுழிப் பக்கத்திலிருந்து சேதி அனுப்பிவிட்டார். வீட்டில் ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு மட்டப்பாத் தளம் போடுகிறார்களாம், பதினைந்து இருபது நாளைக்குக் குடும்பத்தோடு இங்கே வந்து இருக்கிறார்களாம். உனக்குத் தெரியும், மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி அவர்கள் வந்து இருந்துவிட்டுப் போனபோது அவர்கள் செம்பு நம் செம்போடும், நம் கரண்டி அவர்கள் கரண்டியோடும் கலந்து, கழுத்தில் பேர் வெட்டின பாத்திரத்தையெல்லாம் வெயிலில் வைத்துப் பேர் படித்துத் தரம் பிரிக்க நாலு நாள் ஆயிற்று, அப்படியும் ஒரு குத்துப்போணிப் பாத்திரம் யாருடையது என்று தீராமல் இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கோபத்தில் இருக்கிறது. நான் நினைத்தேன், கடவுளாகப் பார்த்து இன்பராஜின் கையால் எனக்கு வழி காட்டியிருக்கிறார், இந்தத் தடவை மச்சான் வீட்டைக் கலைக்கவே கூடாது, அப்படியே முழுசாகக் கொண்டுவந்து நம் வீட்டில் ஓர் இடத்தில் மாட்டிவிட வேண்டும். அவர்கள் உப்பு அவர்கள் உப்பாகவே இருக்கும், வேண்டியவன் அந்தக் கதவு வழியாகப் போய் எடுத்துக்கொள்ளட்டும். இடம் நடு ரூம் என்று முடிவு பண்ணினேன். அதிகாரம் என்னுடையது என்று நினைத்துத்தான் பண்ணினேன். உன் அத்தை சிரித்தாள். முத்துலட்சுமி மட்டும், "நடு ரூம் வேண்டாம்ப்பா, மாடி ரூம்ல வைங்களேன்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். மாடிக்குத் தையல் மெஷின் ஏறாது என்று நான் காதில் வாங்கவில்லை.

நடு ரூமில் இருந்த நூல் கட்டுகளை முன்கூடமான பட்டாசாலைக்கு மாற்றி, தரையைக் கழுவி, கதவில் சாக்பீஸால் 'சின்னத்துரை' என்று எழுதினேன். ஜூன் இருபத்தேழு, திங்கட்கிழமை இரண்டு மாட்டு வண்டி வந்து நின்றது. பதினாலு டிரங்குப் பெட்டி, தையல் மெஷின், எட்டு மூட்டை, ஊறுகாய்ச் சாடிகள், அப்புறம் மச்சான் பெண்சாதி, எனக்குத் தங்கச்சி முறையாகிற சங்கரம்மாள், மடியில் வைத்துக்கொண்டு வந்த ஒரு கூடை, கூடைக்குள் அடைக்கோழி, கோழிக்கு அடியில் பதினொரு முட்டை. ரூம் பத்துக்கு எட்டு. பெட்டிகளைச் சுவரோடு சுவராக உத்திரம் வரைக்கும் அடுக்கி, முன்னால் மூட்டை, அதற்கும் முன்னால் கோழிக்கூடை. முதல் மூன்று நாள் உன் முறையை நான் எங்கு பார்த்தாலும் புகழ்ந்தேன். யாராவது மச்சான் வீட்டுச் செம்பு கேட்டால், "வீடு, நடு ரூம், மூணாவது பெட்டி, செம்பு" என்று முழு வழியையும் சொல்லச் சொன்னேன். மச்சான்கூட, "மாப்ள, இது நல்ல ரோசனையா இருக்கே, எங்க வீட்டுக்குள்ள இருக்க மாதிரியே இருக்கு" என்றார். தபால்காரர் நல்லகண்ணுவை நிறுத்தி வைத்து விளக்கினேன். அவர் கைப்பையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

வியாழக்கிழமை காலையில் அதே நல்லகண்ணு ஒரு கார்டு கொண்டுவந்தார். முத்துலட்சுமிக்கு மதுரையில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு இண்டர்வியூ, ஜூலை நாலு, திங்கட்கிழமை காலை பத்து மணி, எஸ்.எஸ்.எல்.சி. மார்க் புஸ்தகத்தை அசலாகக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று அடியில் கோடு போட்டு எழுதியிருந்தது. இந்தப் பிள்ளை இரண்டு வருஷமாகக் காத்திருக்கிற கார்டு அது. போன வருஷம் வரவில்லை என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தவள். நான் சந்தோஷத்தில் கடையில் இருந்த எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "புஸ்தகத்த எடும்மா" என்றேன். அவள் நடு ரூமைக் காட்டினாள். புஸ்தகம் நடு ரூம் சுவரலமாரியில் இருக்கிறது. அலமாரி பதினாலு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

அப்போதுதான் அவள் சொன்னாள், "நீங்க கிழிச்ச ஓரத்துல இதுதானப்பா எழுதியிருக்கும். மாட்டுற டைரக்டரில முன்னாடியே ஏதாச்சும் இருந்தா, மேல மாட்டினதும் அது மறைஞ்சிரும். அழியாது, ஆனா கழட்டுற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது." ஓரத்தைத் தேடினேன். உன் அத்தை அதில் ஏலக்காய் மடித்து வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தால் வார்த்தைக்கு வார்த்தை அதுதான். அதற்கு அடுத்த வரி, உள்ளே யாராவது வேலையாக இருக்கிறபோது கழட்ட முடியாது, மெஷின் 'பிஸி' என்று சொல்லி மறுத்துவிடும். அதற்கும் அடுத்த வரி, கழட்டாமல் பிடுங்கினால் கெட்டுப்போகும். இத்தனை முக்கியமான சங்கதியை மடிப்பிலா எழுதுவது, மருமகனே?

சரி, கழட்டிவிடுவோம் என்று மச்சானிடம் போனேன். பட்டாசாலையில் நூல் கட்டு நிறைந்து கிடக்கிறது, அதனால் பெட்டிகளை ஒரு மணி நேரம் தெருவில் இறக்கி வைத்துவிட்டு, புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு, திரும்ப ஏற்றிவிடலாம் என்றேன். மச்சான் காலண்டரைப் பார்த்தார். "மாப்ள, இன்னைக்கு வியாழக்கிழமை, தெக்க சூலம். உங்க வாசல் தெக்குப் பாத்த வாசல். பெட்டி படியிறங்கினா அது பயணக் கணக்கு. குடும்பத்தோட வந்திருக்கோம், பாத்துக்கங்க" என்றார். மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஒரு துரும்பு வெளியே போகக் கூடாது என்று உன் அத்தையே வாசலில் நின்றுவிட்டாள். அதிகாரம் உண்மையில் யாரிடம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. நான் யாருக்கும் தெரியாமல் கீழிருந்து ஒரே ஒரு பெட்டியை மட்டும் உருவிப் பார்த்தேன். மேலே இருந்த அப்பளத் தகரம் என் தோளில், ஊறுகாய்ச் சாடி தரையில், கோழி என் முழங்கையில். கழட்டாமல் பிடுங்கினால் கெட்டுப்போகும் என்று நீ எழுதியது சத்தியமான வார்த்தை. எலுமிச்சங்காய் ஊறுகாய் அது, ரூம் இன்னும் மணக்கிறது.

சனிக்கிழமை மச்சானுக்கு எண்ணெய்க் குளியல். தலை முதல் கால் வரை நல்லெண்ணெய் வழிய, கோவணத்தோடு, நடு ரூம் பெட்டி மேல் உட்கார்ந்து ஊறிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்குக் கேட்டேன், "இன்னும் ஊறணும் மாப்ள" என்றார். குளித்துச் சாப்பிட்டதும் கேட்டேன், "எண்ணெ தேச்சுக் குளிச்ச அன்னைக்குப் பாரம் தூக்குனா நரம்பு தளந்துரும்" என்றார். உன் மெஷின் ஒரு தடவை 'பிஸி' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும், எங்கள் மெஷின் ஒவ்வொரு தடவையும் காரணத்தோடு சொல்லும். ஞாயிற்றுக்கிழமை நான் கோழி கூவும் முன்பே எழுந்து ரூம் வாசலுக்குப் போனால் உள்ளேயிருந்து கீச் கீச் என்று சத்தம். முட்டை பொரிய ஆரம்பித்துவிட்டது. சங்கரம்மாள் நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, பதினொண்ணுல நாலுதான் வந்திருக்கு, மிச்ச ஏழும் வாரவரைக்கும் கூடைய அசைக்கக் கூடாது, ஆம்பளையாளு உள்ள வரவும் கூடாது" என்றாள். தங்கச்சி, வண்டியில் பத்து மைல் குலுங்கி வந்த முட்டைதானே என்றேன். "அதனாலதாண்ணே, இன்னொருக்கா குலுங்குனா தாங்காது" என்றாள். நீ பெரிய படிப்புப் படித்தவன், இதற்கு நீயே பதில் சொல்லு.

மத்தியானம் மூன்று மணிக்கு ஏழாவது குஞ்சு. முத்துலட்சுமி பட்டாசாலையில் நூல் கட்டு மேல் உட்கார்ந்திருந்தாள். இந்த நாலு நாளில் அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அன்றைக்கு அவள் கண் நிறைந்திருந்தது. ஊருக்கெல்லாம் உன் முறையை விளக்கத் தெரிந்த எனக்குச் சொந்தப் பிள்ளையின் புஸ்தகம் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. "இந்த ரூமே வேண்டாம்னு சொன்னியேம்மா, நான்தான் கேக்கல" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பிறகு, "அப்பா, அந்த அலமாரி முந்தி ஜன்னலாத்தான இருந்துச்சு?" என்றாள்.

உண்மைதான். என் அப்பா கடையில் உட்கார்ந்தபடியே காப்பி வாங்கிக் குடிப்பதற்காகக் கடைக்கும் நடு ரூமுக்கும் நடுவில் வைத்த ஜன்னல் அது. பிற்பாடு நான்தான் கடைப் பக்கம் பலகை அடித்து, ரூம் பக்கம் கதவு போட்டு அலமாரியாக்கினேன். "நடு ரூம் வழியாப் போனாத்தான மறைச்சிருக்கு? கடை வழியாப் போனா அதே அலமாரிதானப்பா" என்று சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டாள். நாலரைக்கு ராகு காலம், அப்போது மணி நாலு. கடைப் பக்கம் அந்தப் பலகையை ஒட்டித்தான் சாயத் தகரங்கள் அடுக்கியிருக்கிறேன். பதற்றத்தில் மேல் வரிசையை நான் இழுக்க, மூடி கழன்றிருந்த ஒரு தகரம் ரோஸ் சாயம் முழுவதும் என் தலை வழியாக இறங்கியது. துடைக்க நேரமில்லை. ஆணி பிடுங்கிப் பலகையைச் சாய்த்ததும் நான் கையை விடப் போனேன், அவள் குறுக்கே வந்து, "நீங்க தள்ளி நில்லுங்கப்பா, உங்க கையெல்லாம் சாயம், நானே எடுக்கிறேன்" என்று தானே கையை விட்டுத் துழாவி, நாலேகாலுக்குப் புஸ்தகத்தை எடுத்தாள். எடுத்த உடனே பலகையைத் திரும்ப வைத்து அவளே ஆணியும் அடித்துவிட்டாள். பொறுப்பான பிள்ளை. நான் சந்தோஷத்தில் புஸ்தகத்தை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அட்டையில் என் பெருவிரல் ரேகை ரோஸ் கலரில் பதிந்துவிட்டது.

வெந்நீர், சீயக்காய், சோடா உப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தோம், முகத்திலிருந்து சாயம் போகவில்லை. ஆயிரம் தடவை துவைத்தாலும் போகாது என்று நானே முப்பது வருஷமாகச் சத்தியம் பண்ணி விற்ற சரக்கு. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ரோஸ் மீசையோடு மதுரைக்குப் போனேன். கண்டக்டர் எனக்கு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஸ்டாப் வரைக்கும் சில்லறை கொடுக்க மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இண்டர்வியூவில் பெரிய டீச்சரம்மா புஸ்தகத்தைப் புரட்டி, "இது என்ன ரேகை?" என்று கேட்டார்களாம். இவள் ஜன்னல் வழியாக வராந்தாவில் நின்ற என்னைக் காட்டினாளாம். ரூமில் இருந்த மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள், நான் கும்பிட்டேன். பிறகு, நீ எதற்கு டீச்சர் வேலைக்கு வர நினைக்கிறாய் என்று கேட்டதற்கு இவள், "எங்க அப்பாவுக்கே ஒரு விஷயத்தப் புரிய வச்சிட்டேங்க, இனிமே எந்தப் பிள்ளைக்கும் புரிய வச்சிருவேன்" என்றாளாம். போன சனிக்கிழமை கார்டு வந்துவிட்டது. இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும். உன் அத்தை அழுதாள், நான் அழவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

மச்சான் வீட்டு மட்டப்பா காய்ந்துவிட்டதாம். நாளை புதன்கிழமை, சூலம் வடக்கே, அவர்கள் போகிற திசைக்குத் தடை இல்லை. பதினாலு பெட்டியும், கோழியும், ஒன்பது குஞ்சும் காலையில் கிளம்புகின்றன. அத்தோடு இந்த மாட்டுகிற, கழட்டுகிற வேலையை நான் விட்டேன். இனிமேல் இந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வரி எழுதாதே. கடையில் யாராவது கேட்டால் தராசைத் துடைத்துக்கொள்கிறேன்.

இனி முக்கியமான சங்கதி. விருதுநகரில் மல்லி வியாபாரம் செய்கிற ஒரு நல்ல குடும்பத்திலிருந்து முத்துலட்சுமியைக் கேட்டிருக்கிறார்கள். பையன் பி.காம்., இவள் படிப்பு முடிய இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். முறைமாப்பிள்ளை நீ இருக்கும்போது உன்னைக் கேட்காமல் வேறு வீட்டில் பேசுவது நம் வழக்கத்தில் இல்லை. நீ கடல் தாண்டிப் போனவன், உன் எண்ணம் வேறாக இருக்கும், அதில் எனக்குக் கோபமில்லை. வருத்தம் இருக்கிறது, அதை மறைப்பானேன். நீ பிறந்த நாளிலிருந்து உன்னை மருமகன் என்று கூப்பிட்டு என் நாக்குக்குப் பழகிவிட்டது. இருந்தாலும் விருதுநகர்க்காரர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பிவிடு. மடிப்பில் எழுதாதே, நடுவில் எழுது.

சொக்கநாதர் துணையால் நீ நோய் நொடியில்லாமல், கைநிறைய வேலையோடு, காலாகாலத்தில் ஊர் வந்து சேர வேண்டும். உன் அத்தையும் முத்துலட்சுமியும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் தாய்மாமன்
வே. அருஞ்சுனை

பின்குறிப்பு: புதன் காலை பத்து மணி. மச்சான் வண்டி கிளம்பிவிட்டது. நடு ரூம் பதினாறு நாளுக்குப் பிறகு வெறும் ரூமாக ஆகிவிட்டது, நானே ஊறுகாய்க் கறையைக் கழுவிவிட்டு அலமாரிக் கதவைத் திறந்து துடைக்கப் போனேன். முத்துலட்சுமி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். மேல் தட்டில், புஸ்தகம் இருந்த இடத்துக்குப் பின்னால், ரிப்பன் கட்டின ஒரு நீலக் கட்டு இருந்தது. ஏரோகிராம், மொத்தம் பதினேழு. ஒன்றுகூட ஓரத்தில் கிழியவில்லை, எல்லாம் பிளேடு வைத்து அறுத்துத் திறந்திருக்கிறது. மேலே எறும்பு ஊர்கிற எழுத்து. நான் படிக்கவில்லை, முதல் கடிதத்தில் முதல் வரியைத்தான் பார்த்தேன், பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். கட்டை எடுத்துக்கொண்டு உன் அத்தையிடம் போனேன். "இப்பத்தான் பாத்தீகளா?" என்றாள். நல்லகண்ணு இரண்டு வருஷமாக இவற்றைக் கடை வழியாகக் கொடுக்காமல் பின்வாசல் வழியாகக் கொடுத்து வந்திருக்கிறார். குமாரலிங்கபுரத்தில் என் அக்காவுக்கும் தெரியுமாம். திருச்சுழிப் பக்கத்தில் மச்சானுக்கும் தெரியுமாம். கட்டை இருந்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன், முத்துலட்சுமியிடம் நான் பார்த்ததாக நீ எழுதாதே. விருதுநகருக்கு மத்தியானமே ஆள் அனுப்பி வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன். நீ அந்த ஒரு வரியை எழுத வேண்டாம், உனக்குப் பதிலாக நானே எழுதிவிடுகிறேன்: எனக்கு ஆட்சேபணை இல்லை.